எல்லைக் கல்லடியில் ஒரு ஜோடி

கொடைக்கானலுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை, கால் பார்க்கப் போனேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில், வடிவமைப்புப் பிரிவில் எனக்கு வேலை. மலையில் நடப்பவர்களுக்கென்று புதிதாக ஒரு ஷூ செய்யப் போகிறோம் என்று ஒருநாள் கூட்டத்தில் அறிவித்தார்கள். அப்படியானால் மலைக்காரர்களின் கால் அளவு வேண்டாமா, தரையில் நடக்கிறவர்களின் அளவை வைத்துக்கொண்டு எப்படி அச்சு செய்வது என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டவளே போய் எடுத்து வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள். ஒரு கட்டுப் பழுப்புத்தாள், ஆறு பென்சில், ஒரு அளவு நாடா. அவற்றோடு, அலுவலகத்தில் யாருக்கும் காட்டாமல், நான் பார்க்க வேண்டிய பதினான்கு இடங்களின் பட்டியல் ஒன்று.

பழையது என்றால் எனக்குப் பித்து. பழைய தேவாலயம், பழைய கல்லறைத் தோட்டம், மலையுச்சியில் சூரியனைப் பார்க்கக் கட்டிய பழைய ஆராய்ச்சிக்கூடம் என்று பட்டியல் நீண்டது. பதினான்காவதைத்தான் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். பேருந்து ஏறும் மலைச்சாலை வருவதற்கு முன், பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் சுமந்து வந்த ஒரு காட்டுப்பாதை உண்டு. அது வெள்ளகவி என்ற கிராமத்தின் வழியாகப் போகிறது. இன்றும் அந்தக் கிராமத்துக்கு அந்தப் பாதைதான், வண்டி போகாது. யார் யாரோ சுமக்கப்பட்டு ஏறிய வழியில் என் சொந்தக் காலால் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

தங்கியது ஏரிச்சாலைக்குப் பின்னால், மேட்டுச் சந்தில் ஓர் அக்கா வீட்டில். நாற்பதைத் தாண்டியவர். பெரிய குடும்பம் இருந்த வீடாம். இப்போது தனியாக இருந்துகொண்டு, ஓர் அறையை வருகிறவர்களுக்கு விடுகிறார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் அவருடைய தாய் தகப்பன். அதனால் வாயில் டீ வராது, தேத்தண்ணிதான் வரும்.

முதல் நாளே அந்தக் கதவு என்னைப் படுத்தியது. கொடைக்கானலில் கதவைச் சும்மா சாத்தி வைக்க முடியாது, குரங்கு தள்ளிக்கொண்டு வந்துவிடும். எனவே அக்கா உள்ளே இருக்கும்போதும் பூட்டிச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிடுவார். கதவோடு சேர்ந்த பழைய இரும்புப் பூட்டு. வெளியே போய் வருகிற ஒவ்வொரு முறையும் நான் தட்ட வேண்டும். அக்கா வந்து சாவியை நுழைத்து, கதவைத் தோளால் ஒரு முட்டு முட்டி, சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மறுபடி நுழைத்து, முணுமுணுத்துத் திருப்ப வேண்டும். கடகடவென்று ஒரு நிமிடம் சத்தம் வரும். மூன்றாவது முறையாக மழையில் நின்றபோது, எனக்கென்று ஒரு சாவி தரக்கூடாதா என்று கேட்டேன்.

"சாவி ரெண்டுதேன் தங்கச்சி. ஒண்ணு இது. இன்னொண்ணு தம்பிகிட்ட இருக்கு."

"பூட்டையே மாத்திரலாமேக்கா. சாவி தேஞ்சு போச்சு பாருங்க, பல்லே இல்ல."

"மாத்திட்டா அவன் வந்து வெளிய நிக்க மாட்டானா? அவன் சாவிக்கு இது மொரண்டு பிடிக்காது. சத்தமே வராமத் தெறக்கும். எனக்குத்தேன் இந்தப் பாடு."

தம்பி வெளியூரில் வேலை பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வில்பட்டியில் வேலை. கேரட் கழுவும் இடத்தில் இருபது பெண்கள். ஒவ்வொருவரையும் தாளில் ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலில் தொடங்கி விரல்களைச் சுற்றி வந்து முடிப்பேன். பாதி பேருக்குக் கூச்சம் தாங்காது, சிரித்துத் தாளைக் கிழித்துவிடுவார்கள். ஒரு பெண், கல்யாணச் சேலைக்குக்கூட தன்னை இப்படி யாரும் அளவெடுத்ததில்லை என்றார். பக்கத்திலிருந்தவர், சவப்பெட்டிக்கு எடுப்பார்கள், பொறுத்திரு என்றார். நான் எதிர்பார்த்தது சரியாக இருந்தது. மலைக்காரர்களின் கால் முன்பக்கம் விசிறி போல விரிந்திருக்கிறது. கட்டைவிரல் தனியாக நின்று தரையைப் பிடிக்கிறது. கடையில் விற்கிற எந்த ஷூவும் இவர்களுக்கு ஆகாது. உற்சாகம் தாங்காமல் அன்று சாயங்காலம் தாள்களை அக்கா வீட்டுத் தரை முழுக்கப் பரப்பிவைத்து விளக்க ஆரம்பித்துவிட்டேன். அக்காவையும் ஒரு தாளில் நிற்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். தாள்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பி அவரைவிடப் பதினாறு வயது இளையவன். தாய் தகப்பன் போன பிறகு இவர்தான் வளர்த்தார். ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிற வேலை. மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக்கு அவனுக்கு ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தார். சாம்பல் நிறம், ஆரஞ்சு அடி. போடாமலே பெட்டியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்திருக்கிறான். அதற்குள் எலி வந்து வலது ஷூவின் கயிற்றைக் கடித்துவிட்டது. கேரட் மூட்டை கட்டும் நீல நைலான் கயிற்றை அளவாக வெட்டி இவர்தான் கோத்துக் கொடுத்தார்.

ஒரு வாரலீவு அன்று கூரைத் தகரத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். சீசன் வருகிறது, ஒழுகுகிறது. ஒன்பது மணிவரை தூங்கினான். எழுந்து, தகரத்தைப் பார்க்காமல், அந்தப் புது ஷூவை எடுத்து மாட்டினான். இவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"போறவன் அப்பிடியே போயிரு, திரும்பி இந்த வாசல மிதிச்சிராதன்னு சொல்லிட்டேன். ஒத்த வார்த்த பேசல. ஆணியில இருந்து சாவிய எடுத்தான். போயிட்டான்."

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், வேன் ஓட்டுகிற ஒரு அண்ணன் அவனை வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னார். அதோடு இவருக்கு மனம் ஆறிவிட்டது. புது ஷூ போட்டுக்கொண்டு போகிறவன் பக்கத்திலா போவான், திருப்பூருக்கோ கேரளத்துக்கோதான் போயிருப்பான். கோபித்துக்கொண்டு போனவனை யாராவது போலீஸில் சொல்லித் தேடுவார்களா? பெரியம்மா வீட்டார் மட்டும் ஒரு வருடமாக அவன் படத்துக்கு மாலை போடச் சொல்லி நச்சரிக்கிறார்கள்.

"கோவம் இருக்கிறவன் உசுரோடத்தானே இருப்பான்" என்றார் அக்கா. "தணியட்டும். சாவிய எடுத்துட்டுத்தேன போயிருக்கான்."

கூடத்தில் அவன் படம் இருந்தது, மாலையில்லாமல். ரொட்டி அடுப்பின் முன் மாவு படிந்த முன்கையோடு எங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். நான் தாள்களைச் சுருட்டினேன். சாப்பிடும்போது, மூன்று வருடக் கோபமா என்று ஏனோ வாயில் வந்துவிட்டது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் நீளம்தான், அப்பா சிலோன் தோட்டத்து லய வீட்டில் இருந்த நாளிலிருந்தே தன் தம்பியோடு பேசாமல் போய்ச் சேர்ந்தார் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் ஊர் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்துவதற்கு முன் இன்னொரு ஓட்டுநருக்குப் போன் போட்டு, வியூ இருக்கா என்று கேட்பார். இல்லை என்று பதில் வரும். இருந்தாலும் நான் இறங்குவேன். கம்பி வேலிக்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருக்கும். அந்த ஒன்றுமில்லாததைப் பின்னால் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓரிடத்தில் வேலி ஓரமாக எட்டிப் பார்த்தபோது, மூட்டம் ஒரு விநாடி விலகி, என் கால் நுனிக்கு நேர் கீழே மரங்களின் தலை தெரிந்தது. அவ்வளவு ஆழம். மறுபடி மூடிவிட்டது. ஓட்டுநர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வியூ இல்லாதப்பத்தேன் மேடம் பாத்து நிக்கணும்" என்றார். பழைய கல்லறைத் தோட்டத்தில் பெயர் படிக்கலாம் என்று போனால், அங்கேயும் மூட்டம். கல் கல்லாகத் தடவிப் படித்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் எனக்கு விடுமுறை. பதினான்காம் இடம்.

வெள்ளனே கிளம்பினேன். வட்டக்கானலிலிருந்து இறக்கம். வேர்களே படிக்கட்டு. எங்கள் தொழிற்சாலையின் மாதிரி ஷூவைத்தான் போட்டிருந்தேன், அதையும் சோதித்துப் பார்த்ததாக இருக்கட்டும் என்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறங்கினேன். வழியில் சுமைக்குதிரை ஒன்று, அதை ஓட்டி வந்தவர், வேறு யாருமில்லை. ஒரு திருப்பத்தில் பாதை சமமானது. அங்கே ஒரு கல், கல்லில் விளக்கு வைத்த கரி, பக்கத்தில் ஒரு பலகை. இதற்கு மேல் காலணி கூடாது என்று எழுதியிருந்தது.

வெள்ளகவியில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். ஊருக்குள் வீட்டுக்கு வீடு சாமி, ஊரே கோயில். மரத்தடியில் பத்துப் பதினைந்து ஜோடிகள் வரிசையாகக் கிடந்தன. என்னுடையதையும் கழற்றி வைத்தேன். தள்ளி, ஒரு பாறை இடுக்கில் இன்னொரு ஜோடி இருந்தது. மேலே பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டிருந்தது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போனது என்று நினைத்தேன். குனிந்து பார்க்கக் கை பரபரத்தது, எந்தக் காலணியைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான். ஆனால் ஊரைப் பார்க்கிற அவசரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. போய்விட்டேன்.

வெறுங்காலில் நான் கடைசியாக மண்ணில் நடந்தது எப்போதென்று நினைவில்லை. ஒவ்வொரு சரளைக்கும் ஒரு சத்தம் போட்டேன். ஒரு வீட்டின் முன் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்த ஒரு பெண்மணி என் நடையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும். என்ன சோலி என்று கேட்டார். ஷூ செய்கிற வேலை என்றதும் மறுபடியும் சிரித்தார்.

"நல்ல ஊராப் பாத்து வந்தீங்க போங்க. எங்க செருப்பெல்லாம் எல்லையிலதேன் குடியிருக்கு. நாங்க இங்கிட்டு, அது அங்கிட்டு."

எது யாருடையது என்று குழம்பாதா என்று கேட்டேன். குழம்பாதாம். உள்ளூர்ச் செருப்பு எல்லாருக்கும் அடையாளம் தெரியுமாம். மிச்சம் கிடப்பது வெளியூர்க்காரர்களுடையது. சாயங்காலம் யாராவது ஒருவர் எல்லைக்குப் போய்ப் பார்ப்பார். வெளியூர் ஜோடி கிடந்தால் ஆள் ஊருக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். தேடிப் பிடித்து, பொழுதிருந்தால் மேலே அனுப்புவார்கள், இல்லையென்றால் சோறு போட்டுப் படுக்கச் சொல்வார்கள். காட்டில் ஒருவரும் தங்கிவிடக் கூடாது. பதிவேடு கிடையாது, கையெழுத்துக் கிடையாது, ஜோடிக் கணக்குத்தான்.

எவ்வளவு அழகான முறை என்று நான் துள்ளினேன். இதைக் குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தேன். அவர் காப்பிக்கொட்டையைக் கையால் துழாவிக்கொண்டே சொன்னார்.

"என்ன, எப்பவும் ஒண்ணு கூட வரும்."

"ஏன்?"

"அந்தப் பாறையிடுக்குல ஒரு ஜோடி கெடக்குல்ல. அது ஆளு இன்னும் உள்ளதேன் இருக்காரு."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார் என்பது போல. நான் என்னையறியாமல் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். சின்னச் சின்ன வீடுகள், நடுநடுவே சாமிக் கற்கள், ஒரு கோழி. கீழே கணவாயிலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மழை போயிருக்கும், மூன்றாகவும் இருக்கும் என்றார். அன்றைக்குக் கடும் மூட்டம், யார் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஒரு புது ஷூ கிடந்தது. ஊரே தேடியது. ஊரின் மறுபக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்த பாறைவரைக்கும் விளக்கோடு போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாததால், யாரு யாரு என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். மேலே போன குதிரைக்காரரிடமும் கீழே போனவரிடமும் சொல்லி அனுப்பினார்கள்.

"யாரும் தேடி வரல" என்றார். "ஒரு மனுசர்கூட வந்து இது எங்க புள்ளன்னு கேக்கல. அதேன் அப்பிடியே விட்டுட்டோம். அடுத்தவுக செருப்ப நாங்க தொடக்கூடாது. எடுத்துட்டா ஆளு போயிட்டதா ஆயிரும்ல."

புது ஷூ என்ற சொல் அப்போது எனக்குள் ஒன்றும் செய்யவில்லை. செய்யவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் காப்பியை முழுதாகக் குடிக்காமல் எழுந்தது நினைவிருக்கிறது. பழைய பாதையின் மிச்சம், சுமை இறக்கி வைக்கும் கல், ஒன்றையும் பார்க்கவில்லை. எல்லைக்கு வெரசாக நடந்தேன். கல் குத்தியது தெரியவில்லை.

பாறை இடுக்கின் முன் உட்கார்ந்தேன். பாசியை விரலால் வழித்தேன். சாம்பல் நிறம். இடதைத் திருப்பினேன். ஆரஞ்சு அடி. அடியில் வார்ப்புக் கோடுகள் அத்தனையும் கூர்மையாக, தேயாமல் அப்படியே இருந்தன. எனக்கு இது பாடம். ஒரு அடியைப் பார்த்தால் எத்தனை நாள் நடந்தது, எந்தப் பக்கம் சாய்ந்து நடந்தது என்று சொல்லிவிடுவேன். மூன்று மழையில் நைந்த ஷூ அது, ஆனால் ஒரே ஒரு நாள் நடந்த ஷூ. வட்டக்கானல் இறக்கத்தின் சிவப்பு மண் குதியில் மட்டும் ஒட்டிக் காய்ந்திருந்தது. வலதைத் தொடுவதற்கு முன்பே அந்த நீலத்தைப் பார்த்துவிட்டேன். நைலான் கயிறு மட்டும் வெளுக்கவேயில்லை. அவிழ்த்துவிட்டு, இரண்டு முனையையும் ஷூவுக்குள் ஒதுக்கி வைத்திருந்தான்.

உள்ளே சாக்ஸ் சுருட்டித் திணித்திருந்தது. சுருளுக்குள் கெட்டியாக ஏதோ இருந்தது. வெளியே எடுத்தேன். பன் வாங்கினால் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையை நான்காக மடித்து, அதற்குள் ஒரு சாவி. நீளத் தண்டு, வட்டத் தலை. பல் தேயாதது.

நானும் அப்படித்தான் செய்வேன். கோயிலுக்குப் போனால், அருவியில் குளிக்கப் போனால், சாவியைச் செருப்புக்குள் ஒளித்துவிட்டுப் போவேன். அரை மணியில் திரும்பி வருகிறவர்கள் செய்கிற வேலை அது.

அந்தப் பெண்மணி தூரத்தில் நின்று, அதை எடுக்காதீங்க என்று குரல் கொடுத்தார். எடுக்கவில்லை என்றேன். ஷூவை இருந்தபடி வைத்தேன். சாவியை மட்டும் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். எதற்கு மறைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பதையும் அவரிடம் சொல்லவில்லை. முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும், பூட்டில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நீலக் கயிற்றுக்கு மேல் என்ன நிச்சயம் வேண்டும்?

ஏற்றம் முழுக்க மூட்டம். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. என் ஷூவின் சத்தம் மட்டும் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது, வெறுங்காலுக்குச் சத்தமே கிடையாது. வேர்கள்மேல், ஈர இலைமேல், வெறுங்காலில் ஒருவன் என் பின்னாலேயே ஏறி வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காலணிக்காரி நான், கால் சத்தம் இல்லாததற்குப் பயந்து மலையேறினேன். வழியெல்லாம் அந்தச் சாவி கைச்சூட்டில் வெதுவெதுப்பாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. உள்ளே சப்பாத்தி போடுகிற வாசனை. நான்கு நாளும் செய்தது போலத் தட்டியிருக்கலாம். அக்கா வந்து திறந்திருப்பார், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெல்லச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது. சும்மா பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்போம், திருப்ப வேண்டாம் என்று சாவியை நுழைத்தேன். அது தானாகப் போய் உட்கார்ந்தது. விரல் லேசாகத்தான் அசைந்தது. திரும்பிவிட்டது. க்ளிக் என்ற ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். முட்டவில்லை, இழுக்கவில்லை. கதவு திறந்துகொண்டது.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏலே, ஷூவ வெளிய கழட்டிட்டு வா. இப்பத்தேன் தொடச்சேன்."

கோபமாகத்தான் சொன்னார். மூன்று வருடமாக எடுத்து வைத்திருந்த குரல் போல, எந்த நடுக்கமும் இல்லாமல், கொஞ்சம் அலுப்போடு. சப்பாத்தியைத் திருப்பிப் போடுகிற சத்தம்கூட நிற்கவில்லை. பிறகு நின்றது.

நான் வாசலிலேயே இருந்தேன். அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால், படியில், சந்தில் பார்த்தார். அங்கே மூட்டம்தான். அதன் பிறகு பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க கெடந்துச்சு?"

சொன்னேன். எல்லைக் கல், பாறை இடுக்கு, நீலக் கயிறு, ஊரார் விளக்கெடுத்துத் தேடியது, எல்லாம் தலைகால் இல்லாமல் சொன்னேன். அழுதது நான்தான். அவர் குறுக்கே இரண்டே கேள்வி கேட்டார்.

"சாக்ஸ உள்ள வச்சிருந்தானா?"

"ஆமாக்கா. சுருட்டி, வலது ஷூவுல."

"சாவி நனையாம?"

"பன் கவர்ல மடிச்சு வச்சிருந்தாரு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தார். அடுப்பில் சப்பாத்தி கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப கோவிச்சுக்கிட்டுப் போகல" என்றார்.

அதை அவர் இரண்டு முறை சொன்னார். முதல் முறை ஏதோ நல்ல செய்தி கேட்டவர் போல இருந்தது முகம். புது ஷூ போட்டுக்கொண்டு, வாரலீவில், பிறந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறான். சாயங்காலம் வந்து தகரம் மாற்றியிருப்பான். திட்டு அவன் காதிலேயே ஏறவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது அந்தச் சொல்லின் மறுபக்கம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இல்லையென்றால், மூன்று வருடம் வராமல் இருக்க வேறு காரணமும் இல்லை.

கருகிய சப்பாத்தியை எடுக்கப் போகும்போது, "முதுகத்தேன் பாத்தேன்னு அந்த வேன்காரண்ணன் அன்னிக்கே சொன்னாரு" என்றார். "நாந்தேன் முகத்தச் சேத்துக்கிட்டேன்."

மறுநாள் எனக்குப் பத்து மணிக்குப் பேருந்து. ஏறவில்லை. விடிந்ததும் இருவரும் இறங்கினோம். அக்காவுக்கு அதுதான் முதல் முறை. நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன், இதையெல்லாம் பார்க்க எங்கே நேரம் என்று நடக்கும்போது ஒருமுறை சொன்னார். எல்லையில் தன் செருப்பைக் கழற்றினார், தம்பியின் ஷூவைத் தொடாமல் ஊருக்குள் போனார். காப்பிக்காரப் பெண்மணி அவர் யாரென்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கப் பாறைக்கு அழைத்துப் போனார். நான் போகவில்லை. என் ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு எல்லையிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. வெளியூர் ஜோடி மூன்று. அன்றைக்கு ஊரில் யாராவது வந்து எண்ணியிருந்தால், உள்ளே மூன்று பேர் என்று சொல்லியிருப்பார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். பாறையிலிருந்து ஏதாவது தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. மூட்டம்தான் இருந்தது என்று அவராகச் சொன்னார். ஷூவை எடுத்துக்கொள்ளலாம், உங்களுடையதுதானே என்றார் அந்தப் பெண்மணி. அக்கா குனிந்தார். எடுத்து மடியில் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஷூவுக்குள் நிறைந்திருந்த இலைகளைத் தட்டினார். நீலக் கயிற்றை அவிழ்ந்தபடியே தளர்த்தி, ஷூவின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டார். அது ஊரைப் பார்த்தபடி கிடந்தது, கழற்றியவன் கழற்றிய திசையில். அதைத் திருப்பி, முனை மேலே ஏறும் பாதையைப் பார்க்கும்படி, இரண்டையும் சேர்த்து வைத்தார். உள்ளிருந்து வருகிறவன் நின்றபடியே கால் நுழைத்துக்கொள்ளலாம்.

"கெடக்கட்டும்" என்றார். "உள்ளதேன் இருக்கான்னு இவுக சொல்றாகல்ல."

பூட்டை மாற்றிவிட்டதாக அடுத்த வாரம் போனில் சொன்னார். மூன்று சாவி கொடுத்தார்களாம், வருகிறவர்களுக்கு இனித் தட்ட வேண்டியதில்லை. படத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் மலை ஷூ முன்பக்கம் விரிந்த அச்சில் நன்றாகவே வந்திருக்கிறது. மாதிரி ஜோடி என் மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கிளம்பும்போது, அதன் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் போகிறேன்.